நண்பர்கள் வீட்டுக்கு ஒரு சுற்று: சொந்தக் கார், வாடகைக் கார், பைக், ரயில் – இளம் தம்பதிக்கு எது பொருந்தும்?

கல்யாணத்துக்கு வந்த நண்பர்கள் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான்: "ரெண்டு பேரும் கண்டிப்பா வீட்டுக்கு வரணும்." நாமும் தலையாட்டுவோம். அப்புறம் மறுவீடு, குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் விருந்து, அலுவலகம் என்று மாதங்கள் ஓடிவிடும். ஒரு வருடம் கழித்து, ஐந்து நாள் லீவு போட்டு முன்னும் பின்னும் சனி ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது நாள் கிடைக்கும் என்று கணக்குப் போடும்போதுதான் அந்த வாக்கு நினைவுக்கு வரும். அதே சமயத்தில் இன்னொரு பேச்சும் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் என்ன செய்யப் போகிறோம்? கடனை அடைப்பதா, படிப்பை முடிப்பதா, வேலையை மாற்றுவதா, குழந்தை எப்போது?

இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் செய்துவிடலாம் என்று நினைக்கும் ஜோடிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான். காரில் போகலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, பைக் போதுமா, பேசாமல் ரயிலில் போய்விடலாமா? நானும் என் கணவரும் முழுச் சுற்றாகவோ பாதியாகவோ இந்த நான்கு விதத்திலும் போயிருக்கிறோம். அதை வைத்து எழுதுகிறேன்.

பேச்சுக்கு ஒரு பாதை வேண்டும் என்பதால் நாங்கள் போன சுற்றையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ., திருச்சியிலிருந்து மதுரை 135, மதுரையிலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் கோவை 215, அங்கிருந்து சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு 365, திரும்ப ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னை 345. கூட்டினால் 1,390. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 1,500 என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடு, எட்டு இரவு.

## எதை வைத்து அளப்பது

செலவு எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். ஆனால் பெட்ரோல், டிக்கெட்டோடு நின்றுவிடாமல் தேய்மானம், ஊருக்குள் ஆட்டோ, வழியில் தங்கவேண்டி வந்தால் அறை வாடகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நண்பர் வீட்டுக்கு நாம் வைக்கும் சுமை. காரை எங்கே நிறுத்துவது என்று அவர் பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டியிருக்குமா? இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலையத்துக்கு வந்து நம்மைக் கூட்டிப்போக வேண்டியிருக்குமா? வீட்டில் படிக்கிற பிள்ளை, வயதான பெற்றோர் இருந்தால் நாம் வந்து சேரும் நேரம் அவர்கள் எல்லோரையும் தொடும்.

உடம்பும் பாதுகாப்பும் மூன்றாவது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

திட்டம் மாறினால் என்ன ஆகும் என்பது நான்காவது. மதுரை நண்பர் "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்க" என்றால் இருக்க முடியுமா?

ஐந்தாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: இரண்டு வீடுகளுக்கு நடுவே நம் இருவருக்கும் கிடைக்கும் நேரம். நண்பர் வீட்டில் கணவனும் மனைவியும் தனியாகப் பேச நேரமே கிடைக்காது. இரவு ஒரு மணி வரை பழைய கதை ஓடும், காலையில் இட்லிக்கு முன்னாலேயே அடுத்த கதை தொடங்கும். ஆனால் அந்த வீட்டில் பார்த்த வாழ்க்கை நமக்குள் எதையோ கிளப்பிவிட்டிருக்கும். வேலையை விட்டுவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் திருச்சித் தோழி, பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு கல்யாணக் கடனை அடைத்து முடித்த மதுரை நண்பர், இரண்டு லேத் எந்திரங்களோடு சொந்தப் பட்டறை போட்ட கோவை நண்பர், நல்ல சம்பளத்தில் இருந்தும் வாடகைக்கும் முன்பணத்துக்குமே மூச்சு வாங்கும் பெங்களூருத் தோழி. ஒவ்வொரு வீட்டு வாசலைத் தாண்டியதும் "நாம் இப்படி இருக்க முடியுமா?" என்ற கேள்வி கூடவே வரும். அதைப் பேசித் தீர்க்கிற இடம் அடுத்த ஊருக்குப் போகும் சாலைதான். அந்த நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பது வண்டியைப் பொறுத்தது.

## செலவுக் கணக்கு

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் லிட்டருக்கு 15 கி.மீ., பைக் 45 கி.மீ. என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. வாடகைக் காருக்கு நாளுக்கு 2,500 என்று எடுத்திருக்கிறேன். உங்கள் ஊர், உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் இருவருக்கும் சேர்த்து, ரூபாயில்.

| | சொந்தக் கார் | வாடகைக் கார் | பைக் | ரயில், பேருந்து |
|---|---|---|---|---|
| பெட்ரோல் அல்லது டிக்கெட் | 10,000 | 10,000 | 3,400 | 5,500 |
| சுங்கக் கட்டணம் | 2,000 | 2,000 | இல்லை | இல்லை |
| வாடகை | இல்லை | 22,500 | இல்லை | இல்லை |
| ஊருக்குள் ஆட்டோ, டாக்ஸி | இல்லை | இல்லை | இல்லை | 3,500 |
| வழியில் தங்கும் அறை | இல்லை | இல்லை | 3,000 | இல்லை |
| தேய்மானம் | 3,000 | இல்லை | 1,000 | இல்லை |
| மொத்தம் | 15,000 | 34,500 | 7,400 | 9,000 |

சாப்பாடும் நண்பர் வீட்டுக்கு வாங்கிப்போகும் பொருளும் எப்படிப் போனாலும் உண்டு என்பதால் சேர்க்கவில்லை. நான்கு வீட்டுக்குப் பழம், இனிப்பு, குழந்தை இருந்தால் ஒரு பொம்மை என்று குறைந்தது 3,000 தனியாக எடுத்து வையுங்கள்.

## சொந்தக் கார்

ஏற்கெனவே வீட்டில் கார் இருந்து, இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் இந்தச் சுற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் முடிவு. காரணம் செலவு கிடையாது. காரில் இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிற விஷயத்தைச் சாலையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். பதில் வர ஐந்து நிமிடம் ஆனாலும் யாருக்கும் சங்கடமில்லை. சி.எம்.ஏ. என்ற செலவுக் கணக்கியல் படிப்பின் இன்டர் தேர்வில் முதல் குரூப்பை முடித்துவிட்டு, கல்யாணத்தோடு இரண்டாவது குரூப்பை விட்டது எனக்கு எவ்வளவு உறுத்துகிறது என்று நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது தாராபுரம் தாண்டி, காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த சாலையில். வீட்டில் ஒரு வருடமாக அதைச் சொல்லவில்லை.

ஆனால் சாலையின் நீளத்துக்கும் பேச்சுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. திருச்சி–மதுரை இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம்தான். விராலிமலை தாண்டியதும் நாங்கள் கடன் பேச்சை ஆரம்பித்தோம். என் கணவர் கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனில் பாக்கி எவ்வளவு என்று எனக்குச் சரியாகச் சொன்னதே அன்றுதான். கோபம், விளக்கம், மறுபடி கோபம். மேலூர் வந்தபோது பேச்சு நடுவில் நின்றுவிட்டது. நண்பர் வீட்டு வாசலில் முகத்தைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி உள்ளே போனோம். இரண்டு நாள் அது உள்ளேயே கிடந்தது. அதனால் சொல்கிறேன், பணப் பேச்சை நீண்ட தூரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை–திருச்சியும் கோவை–பெங்களூருவும் அதற்கான சாலைகள். பேச்சு சூடானால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஆறி, மறுபடி தொடங்கவும் நேரம் இருக்கும்.

சுங்கச்சாவடிகள் இந்தப் பாதையில் நிறைய. திருச்சி போவதற்குள்ளேயே பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது; தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அதுவரை தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் செல்லும். அந்த விலைக்கு ஒரு முறை கடக்க 15 ரூபாய் ஆனது. இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் என்றால் வேண்டாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காரில் ஊருக்குப் போகிறவர்கள் என்றால் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள், முதல் வருடத்திலேயே லாபம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு தேய்மானம். கி.மீ.க்கு இரண்டு ரூபாய் என்று அட்டவணையில் 3,000 போட்டிருக்கிறேன். டயர் பழசாக இருந்தால் அதுவும் போதாது. கிளம்பும் முன் ஆயில், கூலன்ட், பிரேக், வைப்பர் பார்ப்பதோடு ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பெரம்பலூருக்கு முன்னால் எங்கள் டயர் பஞ்சரானபோது ஸ்டெப்னியும் தட்டையாகக் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. திருச்சித் தோழி சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சுற்றை எந்தப் பக்கமாகப் போவது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கும் தொப்பூர் கணவாயில் விபத்துகள் அதிகம் நடப்பது சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில். பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகும் வண்டிகளை இடிப்பதுதான் அங்கே பெரிய ஆபத்து. கோவையிலிருந்து பெங்களூரு போகும்போது நாம் அதில் ஏறுகிறோம். எதிர்த் திசையில் சுற்றினால் இறங்க வேண்டி வரும். புதிதாக நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் சென்னை, திருச்சி, மதுரை, கோவை, பெங்களூரு என்ற வரிசையிலேயே போவது நல்லது. இரவு ஓட்டம் வேண்டவே வேண்டாம். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி கண்ணுக்குத் தெரிவதற்குள் நாம் அதன்மேல் இருப்போம்.

நண்பருக்குக் காரால் வரும் சுமை நிறுத்துமிடம். திருச்சி, மதுரை, கோவையில் சமாளிக்கலாம். பெங்களூருவில் அடுக்குமாடி வீடுகளில் விருந்தினர் காருக்கு இடம் இல்லாமல் தெருவில் விட வேண்டியிருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வரைக்கும் ஊர்ந்துதான் போக வேண்டும் என்பதால் மூன்று மணிக்குள் ஓசூரைத் தாண்டிவிடுங்கள்.

இந்தப் பயணத்தைக் காரணமாக வைத்துப் புதுக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ஒன்பது நாள் பயணத்துக்காக ஐந்து வருட மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அந்தக் காரிலேயே உட்கார்ந்து எதிர்காலத் திட்டம் போட்டால், போடுவதற்கு முன்பே பாதித் திட்டம் முடிவாகிவிட்டிருக்கும்.

## வாடகைக் கார்

நாமே ஓட்டும் வாடகைக் கார் பேச்சுக்கும் சுதந்திரத்துக்கும் சொந்தக் காருக்குச் சமம். விலைதான் இரண்டு மடங்குக்கு மேல். அட்டவணையில் இருக்கும் 34,500-ம் குறைந்தபட்சம்தான். நாளுக்கு இத்தனை கி.மீ. என்ற வரம்பு, முன்பணம், கூடுதல் நேரத்துக்கான கட்டணம் எல்லாம் தனி. ஆண்டு பாஸும் வாடகை வண்டிக்குக் கிடையாது. ஒரு முறை நாங்கள் எடுத்த காரைத் திருப்பிக் கொடுத்தபோது, பம்பரின் அடிப்பக்கத்தில் ஒரு கீறலைக் காட்டி முன்பணத்தில் பெரும்பகுதியை நிறுத்திக்கொண்டார்கள். அது முன்பே இருந்ததா, நாங்கள் போட்டதா என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அதன்பிறகு வண்டியை எடுக்கும்போதே நான்கு பக்கமும், அடியிலும், உள்ளேயும், கி.மீ. மீட்டரையும் சேர்த்து வீடியோ எடுத்துக்கொள்கிறோம்.

முறையாகப் பதிவான சுய ஓட்டு வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகைக் காரைத் தெரிந்தவர் மூலமாகக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். கர்நாடகத்துக்குள் போகத் தேவையான அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

மாமா காரையோ நண்பர் காரையோ சும்மா கேட்டு எடுத்துப் போவது வேறு. உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் ஓட்டினால் பொதுவாகக் காப்பீடு பொருந்தும். ஆனால் இடித்துவிட்டுக் காப்பீடு கோரினால், அவர் வருடக்கணக்காகச் சேர்த்துவந்த நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விடும். அந்த இழப்பைப் பணமாக ஈடுகட்டினாலும் உறவில் கொஞ்சம் நெருடல் நிற்கும்.

வாடகைக் கார் நன்றாகப் பொருந்துவது பாதிச் சுற்றுக்கு. ரயிலில் மதுரை வரை போய், அங்கே இரண்டு நாளைக்கு மட்டும் காரை எடுத்து நண்பர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டு வருவது. அப்போது செலவும் கட்டுக்குள் இருக்கும், நண்பருக்கும் ஒரு நல்ல நாள் கிடைக்கும்.

## பைக்

மலிவு, சுங்கம் இல்லை, நிறுத்துமிடக் கவலை இல்லை. இருபதுகளில் இருக்கும் ஜோடிக்கு ஆசையாகவும் இருக்கும். நாங்கள் சென்னையிலிருந்து திருச்சி, மதுரை வரை போய்த் திரும்பியிருக்கிறோம். முழுச் சுற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகுதான் முதல் காரணம். ஒரே நாளில் மிக நீண்ட தூரம் போனால் மறுநாள் நண்பர் வீட்டில் சிரித்துப் பேசத் தெம்பு இருக்காது. கோவை–பெங்களூரு 365 கி.மீ.யை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் சேலத்தில் ஓர் இரவு, திரும்பும்போது வேலூரில் ஓர் இரவு தங்க வேண்டும். அட்டவணையில் இருக்கும் 3,000 அதற்குத்தான். எட்டு இரவில் இரண்டு இப்படிப் போனால் நண்பர்களுக்கு ஆறுதான் மிஞ்சும்.

பேச முடியாது என்பது இரண்டாவது. இரண்டு தலைக்கவசம், காற்றின் இரைச்சல், பக்கத்தில் லாரி. ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காம் வாங்கினாலும் ஓட்டுபவரிடம் கடன் கணக்குப் பேசுவது ஆபத்து. ஆனால் பைக்கில் வேறொன்று கிடைக்கிறது. அவரவர் தனியாக யோசிக்கலாம். மணிக்கணக்கில் யாரும் எதுவும் கேட்காத அந்த நேரத்தில், எனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எனக்கே தெளிவானது. அதை இரவு பேசிக்கொண்டோம். தன் குறிக்கோள் எது, வீட்டார் திணித்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, இரண்டு வீடு மட்டும் உள்ள சின்னச் சுற்றுக்குப் பைக் நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், வேண்டாம். ஏப்ரல், மே வெயிலிலும் வேண்டாம். ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் சரியான காலம். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதோடு, அவருக்கும் கையுறையும் முழுக்கை ஜாக்கெட்டும் வாங்குங்கள். ஓட்டுபவருக்கு மட்டும் வாங்கும் பழக்கத்தை நிறையப் பார்க்கிறேன்.

## ரயிலும் பேருந்தும்

கார் இல்லாத ஜோடிக்கு என் பதில் இதுதான், தயக்கமே இல்லை. 9,000 ரூபாயில் முடிகிறது. இருவருமே களைப்பில்லாமல் போய்ச் சேர்கிறோம்.

சென்னை எழும்பூரிலிருந்து திருச்சி, மதுரைக்குப் பகல் ரயில்கள் உண்டு: வைகை, தேஜஸ், அப்புறம் 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத். கோவையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்டுக்கும் வந்தே பாரத் ஓடுகிறது. பெங்களூருவிலிருந்து சென்னை திரும்ப லால்பாக், பிருந்தாவன், சதாப்தி என்று தேர்வு அதிகம். ஞாயிறு மதியம் நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப பிருந்தாவன் வசதி.

இடையில் இருக்கும் இரண்டு துண்டுகளுக்குப் பேருந்தே சுலபம். அங்கேதான் கணக்கில் வராத நேரம் ஒளிந்திருக்கிறது. திருச்சியில் வெளியூர்ப் பேருந்துகளுக்கு இப்போது ஊருக்கு வெளியே பஞ்சப்பூர் போக வேண்டும். மதுரையில் திருச்சிப் பேருந்து நம்மை மாட்டுத்தாவணியில் இறக்கும், கோவைப் பேருந்தோ ஆரப்பாளையத்தில் கிளம்பும். கோவையில் இறங்குவது சிங்காநல்லூர். ஒவ்வொரு முறையும் பெட்டியோடு ஆட்டோ. 3,500 ரூபாய் அங்கேதான் கரைகிறது. பெட்டியை ஆளுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

ரயிலில் பேச்சு எப்படி? பக்கத்து இருக்கையில் யாரோ இருப்பார். சம்பளம், கடன், குழந்தை பற்றியெல்லாம் அங்கே பேச முடியாது. ஆனால் எழுத முடியும். நாங்கள் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துப் போயிருந்தோம். கோவையிலிருந்து பெங்களூரு போன ஆறரை மணி நேரத்தில் இருவரும் தனித்தனியாக எழுதி, சேலம் தாண்டியதும் நோட்டை மாற்றிக்கொண்டோம். என்னுடையதில் "அடுத்த டிசம்பர் தேர்வில் இரண்டாவது குரூப்" என்று முதல் வரியில் இருந்தது. அவருடையதில் மூன்றாவது வரியில் அதுவே இருந்தது: "இவள் படிப்பை முடிக்க மாலையில் இரண்டு மணி நேரம், சமையல் என் பொறுப்பு." பேசியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன், அவரும் சொல்லியிருக்க மாட்டார். நேரில் பேசினால் சண்டையில் முடியும் ஜோடிகளுக்குக் காரைவிட ரயில் நல்லது என்று நான் நினைக்க அந்த நோட்டுதான் காரணம்.

குறை, திட்டத்தை மாற்ற முடியாதது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. வார இறுதி ரயில்கள் சீக்கிரம் நிரம்பும். மதுரை நண்பர் இன்னும் ஒரு நாள் இருக்கச் சொன்னால் அடுத்த டிக்கெட்டுகள் எல்லாம் சரியும்.

## நண்பர் வீட்டிலா, அறை எடுத்தா

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்தக் காலத்து இரண்டு படுக்கையறை வீட்டில் அது இரண்டு இரவு. அதற்கு மேல் வேண்டாம். நண்பர் வீட்டில் தேர்வு எழுதும் பிள்ளையோ, உடம்பு சரியில்லாத பெரியவரோ, கைக்குழந்தையோ இருந்தால் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் போய் வருவது அவர்களுக்குச் செய்யும் உதவி. முன்கூட்டியே சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கிழமையையும் பாருங்கள். அலுவலகம் போகும் நண்பர்களைச் சனி ஞாயிறில் வையுங்கள். எங்கள் சுற்றில் திருச்சியும் பெங்களூருவும் வார இறுதியில் அமைந்தன. மதுரையிலும் கோவையிலும் வார நாள்கள். கோவை நண்பர் சொந்தப் பட்டறை என்பதால் எங்களையும் கூட்டிக்கொண்டு போய் வேலையைக் காட்டினார். அங்கே நின்று பார்த்த மூன்று மணி நேரம், சொந்தத் தொழில் பற்றி என் கணவருக்கு இருந்த கனவைப் பாதி திருத்தியது, பாதி உறுதிப்படுத்தியது. ஒருவர் பக்கத்து நண்பர்களாகவே நான்கு வீடும் அமைந்துவிடாமல் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் முக்கியம். இல்லாவிட்டால் ஒருவர் ஒன்பது நாளும் விருந்தாளியின் விருந்தாளியாக இருப்பார்.

## குறிக்கோளை எப்போது எழுதுவது

சிலர் கிளம்பும் முன்பே பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் நண்பர்கள் வீட்டில் பார்ப்பது எதுவும் அதற்குள் நுழையாது. திரும்பி வந்து எழுதலாம் என்று விட்டவர்கள், திங்கள்கிழமை அலுவலகத்தோடு மறந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளம்பியதும் இரண்டே கேள்வி: இந்த வீட்டில் பார்த்ததில் நமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது. அதோடு விட்டுவிட்டு, கடைசி நீளமான பெங்களூரு–சென்னைப் பாதையில் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று குறிக்கோளாகச் சுருக்கி எழுதுவது. ஒன்று இவருக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று இருவருக்கும். ஒவ்வொன்றுக்கும் தேதியும், அதற்காக எதை விடப் போகிறோம் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் மூன்றாவது, அந்தத் தனிநபர் கடனை இருவர் சம்பளத்திலிருந்தும் சேர்த்துப் பதினெட்டு மாதத்தில் முடிப்பது. அதற்காக விட்டது கார் மாற்றும் திட்டம்.

## யாருக்கு எது

கார் இருக்கிறது, இருவரும் ஓட்டுவோம், பேச வேண்டியது நிறையத் தேங்கிக் கிடக்கிறது என்றால் சொந்தக் கார். கார் இல்லை, அல்லது ஒருவர்தான் ஓட்டுவார், அல்லது பேசினால் வாக்குவாதம் ஆகிறது என்றால் ரயில், கூடவே ஆளுக்கு ஒரு நோட்டு. மனைவி கர்ப்பமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, அதுவும் ரயிலில். இரண்டு வீடு, நான்கு நாள் என்றால் பைக். முழுச் சுற்றுக்கும் வாடகைக் கார் என்பது பணம் ஒரு பொருட்டாக இல்லாதவர்களுக்கு மட்டும். கடனை அடைக்கத் திட்டம் போடக் கிளம்பும் பயணத்துக்கு 34,500 செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிக்கெட் போடும் முன்னும், வண்டியை சர்வீஸுக்கு விடும் முன்னும் நான்கு பேருக்கும் போன் செய்து மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். அந்தத் தேதியில் வீட்டில் தேர்வோ விசேஷமோ இருக்கிறதா? காரை நிறுத்த இடம் உண்டா? இரண்டு இரவு தங்கினால் சிரமமா, இல்லை பக்கத்தில் நல்ல அறை சொல்ல முடியுமா? "எப்ப வேணா வாங்க" என்று பதில் வந்தால் விடாமல் தேதியைச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள். பெங்களூருத் தோழியிடம் இரண்டாம் முறை கேட்டபோதுதான், அந்த வாரம் அவளுடைய மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை என்று சொன்னாள். நாங்கள் சுற்றையே ஒரு வாரம் தள்ளிப் போட்டோம்.